அடிவரிசை

கோட்டைமேடு, கோயமுத்தூர்
12-4-1996

அன்புள்ள அண்ணனுக்குத் தங்கை ஜன்னத் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நான், அம்மா, அண்ணி, உங்கள் மகள் இஃப்ரா எல்லோரும் சுகம். ஷார்ஜாவில் உங்கள் உடம்பும் மனசும் சுகமாக இருக்கத் தினமும் துஆ செய்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது.

"நீ அந்தக் கம்பெனியில என்னதான் வேலை செய்யறே? அம்மாகிட்டக் கேட்டா, பெட்டியைப் போட்டு ஒடைக்கறாங்கறாங்க" என்று எழுதியிருந்தீர்கள். அம்மா சொன்னது பொய் இல்லை அண்ணா. உடைப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

கிணத்துக்கடவு போகிற ரோட்டில் எங்கள் அட்டைப்பெட்டி ஃபேக்டரி. அடித்து முடித்த பெட்டிகளில் இருந்து பார்க்காமல் கைக்கு வந்ததை எடுத்து வருவேன். ஒன்றை அமுக்கு மெஷினில் வைப்பேன். மேலிருந்து இரும்புப் பலகை மெதுவாக இறங்கும். பெட்டி முனகும். எவ்வளவு பாரத்தில் இடுப்பு ஒடிகிறது என்று முள் காட்டும். இன்னொன்றில் சரக்கை நிரப்பி, நெஞ்சு உயரத்துக்குத் தூக்கிக் கீழே போட வேண்டும். ஒரு தடவை மூலை படும்படி, ஒரு தடவை விளிம்பு படும்படி, ஒரு தடவை அடி படும்படி. அப்புறம் பிரித்து உள்ளே என்ன ஆச்சு என்று பார்ப்பேன். முதலாளி வெங்கடபதி ஐயா சாயந்திரம் என் அறைப் பக்கம் வந்து, "அம்மணி, இன்னைக்கு எத்தனை பேரைக் காலி பண்ணினே?" என்று கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்.

உங்களுக்கு ஒரு சேதி. நாமக்கல் முட்டை இந்த வருஷத்தில் இருந்து எங்கள் பெட்டியில் கொச்சிக்குப் போய், அங்கே கப்பலேறி ஷார்ஜாவுக்கு வருகிறது. எந்தக் கம்பெனி இறக்குகிறது என்று தெரியவில்லை. எங்காவது பார்த்தால் தொட்டுப் பாருங்கள். நான் பார்த்து அனுப்பியதாக இருக்கும்.

இஃப்ரா உங்களுக்கு முத்தம் அனுப்பச் சொன்னாள். வஸ்ஸலாம்.

அன்புத் தங்கை
ஜன்னத்

*

ஷார்ஜா
5-5-1996

என் அருமைத் தங்கச்சி ஜன்னத்துக்கு அண்ணன் அப்துல் மஜீத் சலாம். உங்க எல்லாரோட துஆவால இங்க நல்லா இருக்கேன். வெயில் ஆரம்பிச்சிருச்சு. அம்மாவை மாடிப்படி ஏற விடாதே.

உன் லெட்டரை நாலு தடவை படிச்சேன் கண்ணு. அப்புறம் கேம்ப்ல எல்லாருக்கும் படிச்சுக் காட்டினேன். பெட்டி முனகும்னு எழுதினே பாரு, அந்த இடத்துல ராமுலு, "அண்ணா, இன்னொருக்கா படிங்க"ன்னான். ராமுலு நம்ம சிங்காநல்லூர்க்காரன். என் கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டில். வீட்டுல தெலுங்கு பேசுவான், எங்களோட கோயமுத்தூர்த் தமிழ். எங்க செட்டுல அவனைப் போல சரக்குத் தூக்கற ஆள் கிடையாது.

அல்லா எப்படி ஏற்பாடு பண்றான் பாரு. அந்த முட்டை எங்க கம்பெனிக்குத்தான் வருது! இத்தனை நாளும் வேற ஒரு செட்டு இறக்கிட்டு இருந்துச்சு. ஜூன் மாசத்துல இருந்து எங்க செட்டுகிட்டக் குடுக்கறாங்க. நான்தான் மேஸ்திரி. நேத்து கோல்டு ஸ்டோரேஜ்ல போயி பெட்டியைப் பார்த்தேன். அடியில உங்க கம்பெனி முத்திரை இருக்கு. தடவிப் பார்த்தேன். "என் தங்கச்சி பார்த்து விட்ட பெட்டிடா"ன்னு சொன்னேன். ஒருத்தனும் நம்பலை. பொம்பளப் புள்ளைக்கு இந்த மாதிரி வேலை குடுப்பாங்களான்னு கேக்கறானுக.

அத்தா இருந்திருந்தா, என் மகளாக்கும்னு உக்கடம் பூரா சொல்லிட்டுத் திரிஞ்சிருப்பாரு. அவரு பங்குக்கு நான் இங்க சொல்லிட்டுத் திரியறேன்.

அண்ணன்
மஜீத்

*

ஷார்ஜா
30-6-1996

அன்புத் தங்கச்சிக்கு சலாம். நான் நலம். உங்க நலத்துக்கு எழுது.

கண்ணு, ஒரு சங்கடம். நாங்க பொறுப்பெடுத்து இறக்கின முதல் கண்டெய்னர்லயே முட்டை ஒடைஞ்சு வந்துச்சு. கதவைத் தொறந்தா நாத்தம். முதல் சரக்கு, என்னமோ ஆயிப்போச்சுன்னு விட்டோம். ரெண்டாவதும் அப்படியே. மூணாவதுலயும் மஞ்சக்கரு தரையில ஓடுது.

மேனேஜர், "பழைய ஆளுக இறக்கறப்ப நல்லா இருந்தது, நீங்க வந்ததும் ஒடையுது. தூக்கிப் போடறீங்க"ங்கறாரு. இல்லைங்கன்னு சொன்னேன். காதுல வாங்கலை. நாங்க போடலை ஜன்னத். பச்சப்புள்ளையைக் கைமாத்தற மாதிரி மாத்தறோம்.

நீ பெட்டியை ஒருக்கா மறுபடியும் பாரு. எங்கயாவது குறை இருக்கும். உன் பதிலுக்காக உக்காந்திருக்கேன்.

அண்ணிக்கு இது தெரிய வேண்டாம்.

அண்ணன்
மஜீத்

*

கோட்டைமேடு
14-7-1996

அன்புள்ள அண்ணனுக்கு சலாம். இங்கே எல்லோரும் சுகம். இஃப்ரா ஒன்றாம் வகுப்புப் போகிறாள்.

உங்கள் கடிதம் வந்த அன்றைக்கே வெங்கடபதி ஐயாவிடம் சொன்னேன். அந்த கண்டெய்னர்களுக்குப் போன அதே லாட்டில் மிச்சம் இருந்த பெட்டிகளைக் குடோனில் தேடி எடுத்தேன். அமுக்கினேன். முள் எங்கே நிற்க வேண்டுமோ அதற்கும் மேலே போய்த்தான் நின்றது. முட்டை நிரப்பிக் கீழே போட்டேன். தாங்கியது. இன்னொன்று, இன்னொன்று என்று அந்த வாரம் பூராவும் வேறு வேலையே பார்க்கவில்லை.

அண்ணா, இதை எழுதப் பேனா வர மாட்டேன் என்கிறது. பெட்டியில் எனக்குக் குறை தெரியவில்லை. குறை இருக்கிறது என்று எழுதினால் உங்கள் மனசு ஆறும். ஆனால் நான் பார்க்காததை எழுத முடியவில்லை.

கேட்கக் கூடாததையும் கேட்கிறேன். அந்த வெயிலில் பையன்களுக்குக் கை தளர்ந்து போயிருக்குமா? நீங்கள் பார்க்காத நேரத்தில்?

கோபப்படாமல் சிலது பார்த்து எழுதுங்கள். உடைந்தது எந்த வரிசையில்? மேலேயா, அடியிலா? பெட்டியின் மூலை நசுங்கியிருக்கிறதா, வயிறு தள்ளியிருக்கிறதா? கீழே போட்டால் மூலை நசுங்கும். பாரம் தாங்காவிட்டால் வயிறு தள்ளும். முடிந்தால் ஒரு துண்டு கிழித்து அனுப்புங்கள்.

தங்கை
ஜன்னத்

*

ஷார்ஜா
18-8-1996

தங்கச்சிக்கு சலாம். பதில் போட நாளாயிருச்சு. உடம்புக்கு ஒண்ணுமில்லை.

உன் மேல கோபம் இல்லை கண்ணு. நீ பார்த்ததை எழுதினே. பார்க்காததை எழுதலை. அண்ணனுக்காக மாத்தி எழுதியிருந்தா அதுக்கப்புறம் நீ எழுதற எதையும் நானே நம்பியிருக்க மாட்டேன்.

கேட்டதுக்குப் பதில். மேல் வரிசையில ஒண்ணுகூட ஒடையலை. அடி ரெண்டு வரிசைதான் மோசம். மூலை எல்லாம் கூர்மையா அப்படியே இருக்கு. வயிறுதான் தள்ளியிருக்கு. ஒரு துண்டு இதுலயே வெச்சிருக்கேன்.

எனக்கு இப்ப வேலையைக் கொஞ்சம் மாத்தியிருக்காங்க. சுளுவான வேலைதான். அம்மாகிட்ட நல்லா இருக்கேன்னு சொல்லு.

மஜீத்

*

கோட்டைமேடு
3-9-1996

அன்புள்ள அண்ணனுக்கு சலாம். இவ்வளவு சின்னக் கடிதம் நீங்கள் எழுதி நான் பார்த்ததில்லை. அம்மா, "அவ்வளவுதானா?" என்று கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். சுளுவான வேலை என்றால் என்ன வேலை என்று எழுதவில்லையே?

அந்தத் துண்டு ஆயிரம் வார்த்தை பேசியது அண்ணா. எங்கள் பெட்டி அஞ்சு தாள் ஒட்டிய அட்டை. மரவள்ளி மாவுப் பசை. விரலால் தள்ளினேன், தாள் தாளாக உரிந்து வந்துவிட்டது. காய்ந்துதான் இருந்தது. ஆனால் ஒருமுறை நன்றாக நனைந்து காய்ந்த அட்டை. உள்ளே முட்டை ஒழுகி நனைந்ததா என்றால், மஞ்சள் கறை ஒரு பக்கம்தான் இருக்கிறது. மறுபக்கமும் உரிகிறது.

கப்பலுக்குள் தண்ணீர் எங்கிருந்து வந்தது? வெங்கடபதி ஐயாவிடம், கொச்சிக்குப் போய் ஏற்றுவதைப் பார்க்க வேண்டும் என்றேன்.

"பெட்டி சரியா இருக்குதுன்னு நீயே எழுதிக் குடுத்தாச்சு. இப்ப நாமளே போயி நம்ம பெட்டி மேல குத்தம் தேடோணுமா அம்மணி?"

"தேடோணுங்க" என்றேன்.

"சரி, போயிட்டு வா. அங்க மழை பேயுது, குடை எடுத்துக்க. கூட என் சம்சாரத்தையும் கூட்டிட்டுப் போ, இல்லாட்டி உங்கம்மா பயப்படுவாங்க" என்றார்.

கொச்சியில் அடைமழை. முட்டைப் பெட்டிகளைக் குளிர் அறையில் இருந்து எடுத்து வந்து கண்டெய்னரில் அடுக்கினார்கள். அந்த ஆட்கள் மேல் ஒரு தப்பும் சொல்ல முடியாது. தார்ப்பாய் கட்டி, ஒரு சொட்டு படாமல்தான் ஏற்றினார்கள். ஆனால் குளிரில் இருந்து வெளியே வந்த பெட்டி அந்த ஈரக் காற்றில் வேர்த்தது அண்ணா! ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்த சோடா பாட்டில் வேர்க்கிற மாதிரி. கையை வைத்தேன், சில்லென்று ஈரம். அந்த ஈரத்தோடு கதவைச் சாத்திச் சீல் வைத்துவிட்டார்கள். பழைய செட்டு இறக்கியதெல்லாம் கோடையில் ஏற்றிய சரக்கு. உங்கள் செட்டு வந்ததும் மழையும் வந்துவிட்டது.

என் மெஷின் இருக்கிற அறை கிணத்துக்கடவுக் காற்றில் காய்ந்து கிடக்கிறது. அங்கே பெட்டி தாங்கியது நிஜம். ஆனால் முட்டை அந்த அறை வழியாகவா ஷார்ஜாவுக்குப் போகிறது?

இது இன்னும் என் ஊகம்தான். பாய்லர் பக்கத்துச் சின்ன அறையைச் சுற்றிலும் ஈரச் சாக்குக் கட்டித் தயார் செய்கிறேன். கண்டெய்னரில் அடுக்குகிற மாதிரியே முட்டையோடு பெட்டிகளை அடுக்கி, கப்பல் போய்ச் சேர எத்தனை நாள் ஆகுமோ அத்தனை நாள் விட்டுப் பார்க்கப் போகிறேன்.

தங்கை
ஜன்னத்

*

கோட்டைமேடு
17-9-1996

அன்புள்ள அண்ணா, சலாம். உங்கள் நலம் பற்றி இந்தத் தடவை நான் கேட்கப் போவதில்லை. நீங்கள் சொல்லாததையெல்லாம் வேறொருவர் வந்து சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ராமுலு அண்ணன் வீட்டுக்கு வந்தார். இஃப்ராவுக்கு நீங்கள் கொடுத்துவிட்ட கவுனைக் கொடுத்தார். லீவில் வந்ததாக அம்மாவிடம் சொல்லி, டீ குடித்தார், சிரித்துப் பேசினார். நான் வாசல் வரைக்கும் வந்தபோதுதான் முகம் மாறியது.

"மஜீத் அண்ணன் சொல்லக் கூடாதுன்னாருங்க. ஆனா உங்க மூஞ்சியைப் பார்த்துட்டு எப்படிச் சொல்லாமப் போறது?"

அவர் லீவில் வரவில்லை. அடிவரிசைப் பெட்டி ஒன்றைத் தூக்கும்போது அது அவர் கையிலேயே பிரிந்து முட்டை கொட்டியிருக்கிறது. மேனேஜர் அதைப் பார்த்துவிட்டு, இவன்தான் என்று விசாவை ரத்து செய்துவிட்டார். நீங்கள் குறுக்கே போய், "செட்டுக்கு மேஸ்திரி நான். அனுப்பறதுன்னா என்னை அனுப்புங்க" என்று நின்றிருக்கிறீர்கள். அதற்காக உங்களை மேஸ்திரி வேலையில் இருந்து எடுத்து, கண்டெய்னர் தரையைக் கழுவ விட்டிருக்கிறார்கள். அழுகின முட்டையை வழித்துக் கழுவுவதுதான் சுளுவான வேலையா அண்ணா? அக்டோபர் கடைசிக்குள் காரணம் தெரியாவிட்டால் செட்டு முழுவதையும் ஊருக்கு அனுப்பிவிடுவார்களாமே?

"ஏன் எனக்கு எழுதலை?" என்று ராமுலு அண்ணனிடம்தான் சண்டை போட்டேன். அவர் சொன்னார்: "நாங்க எல்லாரும் எழுதச் சொன்னோமுங்க. அவரு, 'தங்கச்சிக்குத் தெரிஞ்சா முள்ளைப் பார்க்கற கண்ணு கலங்கிப் போயிரும். அவ பார்க்கறதை அப்படியே பார்க்கட்டும்'னுட்டாரு."

அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. அம்மாவிடம் தலைவலி என்றேன்.

மறுநாள் ஈர அறைக்குப் போனேன். அடுக்கி வைத்த பெட்டிகள் அப்படியே நின்றன. அடிப்பெட்டி ஈரமாக இருந்தது, ஆனால் அசையவில்லை. மேலே இன்னும் ரெண்டு பெட்டி ஏற்றினால் உடனே சரிந்துவிடும் என்று கைக்குத் தெரிந்தது. யாரும் பார்க்கவில்லை. பெட்டி பக்கத்திலேயே இருந்தது. ஒன்றைத் தூக்கியும் விட்டேன் அண்ணா.

திருப்பி வைத்துவிட்டு வெளியே வந்து, கதவைப் பூட்டி, சாவியை வெங்கடபதி ஐயாவிடம் கொடுத்தேன். "நாள் முடியற வரைக்கும் இதை எங்கிட்டக் குடுக்காதீங்க" என்றேன். அவர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

துஆ செய்யுங்கள்.

ஜன்னத்

*

கோட்டைமேடு
26-9-1996

அன்புள்ள அண்ணனுக்கு சலாம். எல்லோரும் சுகம். பதில் வருமுன்னே எழுதுகிறேன், பொறுக்க முடியவில்லை.

நேற்று அந்த நாள் கணக்கு முடிந்தது. வெங்கடபதி ஐயாவே வந்து பூட்டைத் திறந்தார். திறந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டார். அடிப்பெட்டி வயிறு தள்ளி, மேலே இருந்ததெல்லாம் அதன் மேல் சாய்ந்து, மஞ்சள் வழிந்து கிடந்தது. மூலைகள் கூர்மை குலையாமல் அப்படியே இருந்தன. நீங்கள் எழுதிய அதே வார்த்தைதான். மேல்பெட்டியைப் பிரித்தோம். ஒரு முட்டைகூட உடையவில்லை. பூட்டின அறைக்குள் யாரும் தூக்கவில்லை, யாரும் போடவில்லை.

ஐயா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அந்தப் பெட்டி முன்னால் உட்கார்ந்தார். எனக்குப் பயமாக இருந்தது. அவர் கட்டிய ஃபேக்டரி, அவர் பெட்டி. அது மழைக்காலத்துக்கு உதவாது என்று எழுதித் தரச் சொல்லப் போகிறேன்.

"உங்கண்ணன் அங்க என்ன பாடு படறாருன்னு எனக்குத் தெரியும் அம்மணி" என்றார். "அன்னைக்கு நீ சாவியைக் குடுத்துட்டுப் போனதும், ஷார்ஜாவுல இருந்து ஒருத்தன் வந்திருக்கான்னு கேள்விப்பட்டு, அந்த ராமுலுவை வரச் சொல்லி விசாரிச்சேன். ஒம்பது நாளா இந்தச் சாவி என் பையில பாரமாக் கெடந்துச்சு. பெட்டி நின்னுரக் கூடாதேன்னு நானே வேண்டிக்கிட்டேன். என் பெட்டி ஒழியட்டும்னு நான் வேண்டறது இதுதான் முதல் தடவை."

பிறகு எழுந்து, "ரிப்போர்ட்டு எழுது. ஒண்ணையும் மூடி மறைக்காதே. கையெழுத்து நீ போடு, செஞ்சது நீ. கீழ நானும் போடறேன்" என்றார்.

எழுதினோம். ஏற்றுமதிக்காரருக்கு ஒன்று. காந்திபுரத்தில் ஃபேக்ஸ் கடைக்குப் போய் உங்கள் மேனேஜருக்கு ஒன்று. படமும் எடுத்துத் தபாலில் அனுப்பியிருக்கிறோம்.

இப்போது சொல்லுங்கள் அண்ணா, எந்த வேலையில் இருக்கிறீர்கள்?

ஜன்னத்

*

ஷார்ஜா
13-10-1996

என் தங்கமான தங்கச்சிக்கு சலாம். ரெண்டு லெட்டரும் ஒண்ணா வந்துச்சு. அண்ணன் நல்லா இருக்கேன், இந்தத் தடவை நெசமாவே.

ராமுலு வாய் ஓட்டை. ஆனா அவனைத் திட்ட மனசு வரலை. நான் ஏன் சொல்லலைன்னா, நீ சின்ன வயசுல கடையில மிச்சக் காசு கூடக் குடுத்துட்டாங்கன்னு அழுதுக்கிட்டே திரும்பிப் போன புள்ளை. உன்னை ஒரு பக்கம் அண்ணன், ஒரு பக்கம் நெசம்னு நடுவுல நிறுத்த வேண்டாம்னு பார்த்தேன். கடைசியில அங்கதான் வந்து நின்னே. ஒரு பெட்டியைத் தூக்கிட்டுத் திருப்பி வெச்சேன்னு எழுதினே பாரு, அதைப் படிச்சிட்டு நான் வெளிய போயி நின்னுக்கிட்டேன். பக்கத்துல பசங்க இருந்தானுக.

மேனேஜர் கூப்பிட்டாரு. மேசை மேல உன் ஃபேக்ஸ். "இந்த எம். ஜன்னத் யாரு? பெரிய இன்ஜினியரா? இவரைப் போன்ல பிடிக்க முடியுமா?"ன்னாரு. "இவரு இல்லை சார், இவ. என் தங்கச்சி"ன்னேன். அந்த ஆளு பேனாவைக் கீழ வெச்சுட்டாரு. "தங்கச்சின்னா உனக்காக எழுதியிருப்பா"ன்னாரு. நான் உன்னோட ஜூலை மாச லெட்டரைப் பையில இருந்து எடுத்தேன். பெட்டியில குறை இல்லைன்னு எழுதினயே, அந்த லெட்டர். தமிழ் படிக்கத் தெரிஞ்ச ஒரு மலையாளிப் பையன் படிச்சு அவருக்குச் சொன்னான். எனக்கு வேண்டாததை எழுதினவ, வேண்டியதை மட்டும் பொய்யாவா எழுதுவான்னு கேட்டேன். அவரு லெட்டரை மடிச்சு எங்கிட்டத் திருப்பிக் குடுத்தாரு. "அடுத்த கண்டெய்னர் வரட்டும். அதுவரைக்கும் யாரையும் அனுப்பலை"ன்னுட்டாரு.

கேம்ப்ல இப்ப எல்லாரும் நம்பறானுக, பொம்பளப் புள்ளைக்கு இந்த வேலை குடுப்பாங்கன்னு.

அண்ணன்
மஜீத்

*

கோட்டைமேடு
1-11-1996

அன்புள்ள அண்ணனுக்கு சலாம். எல்லோரும் சுகம். இங்கேயும் மழை பிடித்துவிட்டது.

அவசரமாக எழுதுகிறேன். தாளை மாற்றி, ஈரம் தாங்குகிற பசைக்கு மாறி, புதுப் பெட்டி அடித்தோம். முதல் ரெண்டு மாதிரி ஈர அறையில் படுத்துவிட்டன. மூன்றாவது நின்றது. கொச்சியிலும் குளிர் அறையில் இருந்து எடுத்தவுடனே ஏற்றாமல், விசிறிக் காற்றில் பெட்டி வேர்வை ஆறிய பிறகு ஏற்றச் சொல்லியிருக்கிறோம். போன வாரம் கப்பலேறியது. ஏற்றிய அன்றைக்கும் மழைதான். நல்லது, மழையிலேயே போய்ப் பார்க்கட்டும்.

ராமுலு அண்ணனுக்கு வேலை எதுவும் அமையவில்லை. காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் ஒருநாள் பார்த்தேன், சும்மா நின்றிருந்தார். சரக்கைப் போட்டு உடைத்ததற்காகத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று சொந்தக்காரர்களே பேசுகிறார்களாம். வெங்கடபதி ஐயாவிடம் சொன்னேன். லாரி ஏற்றுகிற இடத்தில் சேர்த்துக்கொண்டார்.

கதவைத் திறந்ததும் எழுதுங்கள். நல்லதோ கெட்டதோ, உள்ளது உள்ளபடி.

ஜன்னத்

*

ஷார்ஜா
25-11-1996

தங்கச்சிக்கு சலாம், வெங்கடபதி ஐயாவுக்கும் சலாம்.

முந்தாநாள் கண்டெய்னர் வந்துச்சு. மேனேஜரே வந்து நின்னாரு. கதவைத் தொறக்கறப்ப எல்லாரும் மூச்சை இழுத்தோம். நாத்தம் இல்லை. அட்டை வாசம்தான்.

மேல் வரிசையில இருந்து இறக்கிக்கிட்டே வந்தோம். அடிவரிசைக்கு வந்ததும் மேனேஜர், "நில்லுங்க"ன்னு சொல்லிட்டு, கோட்டைக் கழட்டி வெச்சிட்டு உள்ள போனாரு. அவரே மூலையில இருந்து ஒரு பெட்டியை இழுத்துப் பிரிச்சாரு. தட்டு தட்டா வெளிய எடுத்து வெச்சாரு. ஒண்ணு ரெண்டுல விரிசல் இருந்துச்சு. அது எங்கயும் இருக்கறதுதான். மத்ததெல்லாம் கோழி அப்பத்தான் போட்ட மாதிரி இருந்துச்சு.

அவரு மன்னிப்பெல்லாம் கேக்கலை. "நாளையில இருந்து நீ மேஸ்திரி"ன்னாரு. நான், "ராமுலு?"ன்னேன். "விசாவுக்கு எழுதறேன், வரச் சொல்லு"ன்னாரு. இதை அவன்கிட்ட நீயே நேர்ல சொல்லு.

பசங்க உனக்கு ஒரு பேரு வெச்சிருக்கானுக. முட்டை டாக்டர். கோபிச்சுக்காதே.

அண்ணன்
மஜீத்

*

கோட்டைமேடு
12-12-1996

அன்புள்ள அண்ணனுக்கு சலாம். அம்மா, அண்ணி, இஃப்ரா, முட்டை டாக்டர் எல்லோரும் சுகம். உங்கள் கடிதத்தை அம்மாவுக்கும் அண்ணிக்கும் முதலில் இருந்து எல்லாம் சொல்லிப் படித்துக் காட்டினேன். அண்ணி கடிதத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள். உங்களுக்குத் தனியாகக் கடிதம் வரும், தயாராக இருங்கள்.

ராமுலு அண்ணனிடம் விசா விஷயம் சொன்னேன். "மேனேஜர் வாயாலயே வரச் சொன்னாருங்களா?" என்று ரெண்டு தடவை கேட்டார். அப்புறம், வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றார். போவாரா என்று எனக்குத் தெரியவில்லை. எதற்கும் அவர் கட்டிலை வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள்.

செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். எனக்கு உதவிக்கு இருக்கிற பெண் அன்றைக்கு வரவில்லை. பம்ப்செட் பெட்டி ஒன்றைப் போட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. கனமான பெட்டி. ராமுலு அண்ணனைக் கூப்பிட்டேன்.

"சுவத்துல கோடு போட்டிருக்கு பாருங்க. அந்த உயரத்துக்குத் தூக்கிட்டு, கையை விட்டுருங்க. அவ்வளவுதான்" என்றேன்.

சுலபமாகத் தூக்கிவிட்டார். கோட்டுக்கு நேராகப் பிடித்தபடி நின்றார்.

"விடுங்க."

விடவில்லை. முழங்காலை மடித்து, பெட்டியோடு தானும் இறங்கி, சத்தமே வராமல் தரையில் வைத்தார்.

"இறக்கி வெக்கறதில்லைங்க அண்ணா. கீழ போடோணும். ஒடைஞ்சாப் பரவாயில்லை, ஒடையுதான்னு பார்க்கத்தான்."

"சரிங்க" என்று மறுபடியும் தூக்கினார். மறுபடியும் அதே மாதிரி வைத்தார். மூன்றாவது தடவை தூக்கியபோது நெற்றியில் வேர்த்துவிட்டது. கை விரல்களை அவரே குனிந்து பார்த்தார். "வர மாட்டேங்குதுங்க அம்மணி. போட்டுப் பழக்கமில்லை" என்றார்.

வெங்கடபதி ஐயா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு எத்தனை பேரைக் காலி பண்ணினேன் என்று என்னைக் கேட்கவில்லை. தோளில் இருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

கடைசியில் பெட்டியை நான் வாங்கி, நெஞ்சோடு சேர்த்துத் தூக்கிக் கீழே போட்டேன். விழுந்த சத்தத்துக்கு ராமுலு அண்ணன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

வஸ்ஸலாம்.

உங்கள் தங்கை
ஜன்னத்